நேராக இறக்கிய வடிகால்

அன்பு மகள் கரேனுக்கு, அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான், போன வாரம் கியா பார்ம் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனவள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். மழை விட்டபாடில்லை. போனில் பேசும்போதெல்லாம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். முனியாண்டிச் சித்தப்பா இறந்து மூன்று வாரமாகிறது. உனக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கிய அதே முனியாண்டிதான். மண்சரிவு அவன்மேல் வந்துவிட்டது, அதில் என் கையும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் நம்பர் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைத்தோம், தண்ணீர் போக வடிகால் வெட்ட வேண்டும். மலையில் தண்ணீரை நேராகக் கீழே விடக்கூடாது, குறுக்கே வளைத்து வளைத்து மெதுவாக இறக்க வேண்டும், வேலைக்கு வந்த முதல் வருஷமே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதற்குப் பத்து நாளாகும். வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து டைரக்டர் வருகிறார், அதற்குள் முடிக்க வேண்டும் என்று மேனேஜருக்கு அடுத்த சின்ன துரை ஷர்வின் வந்து நின்றார். "வளைஞ்சு வளைஞ்சு போனா எப்போ முடியும் மண்டோர், நேரா இறக்குங்க லா" என்றார். முனியாண்டி என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, தண்ணிய நேரா விட்டா மண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்" என்று சொன்னான். எனக்குத் தெரியாதா. ஆனால் ஆள்களை மேய்க்கும் இந்த மண்டோர் வேலையிலிருந்து அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு, அதற்குப் பிறகும் எஸ்டேட் கொடுத்த இந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார், அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. சொன்னதைச் செய்யடா என்று அவனை அதட்டிவிட்டு, உச்சியில் முளை அடித்து, நேர்கோடு போட நானே கயிறு பிடித்தேன். டைரக்டர் வந்தார், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு காரில் ஏறிப்போனார். அடுத்த செவ்வாய் காலை அடைமழை, வடிகால் அடியில் குப்பை அடைத்துக்கொண்டது என்று எடுக்கப் போன முனியாண்டிமேல் மேலேயிருந்து மொத்தமும் வந்துவிட்டது. நானும் பங்களாதேஷ் பையன்களும் இரண்டு மணி நேரம் தோண்டினோம். எடுத்தபோது மண்வெட்டி அவன் கையில்தான் இருந்தது, விரலைப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஹரிதாஸ் இங்கிலீஷில் அடித்த ஒரு தாளை நீட்டி, சும்மா ரிப்போர்ட்தான் அண்ணே, சைன் போடுங்க என்றார். போட்டுவிட்டேன். நகலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் படித்துப் பார்க்கத் தோன்றியது. நீ யூனிவர்சிட்டியில் படித்தபோது காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாயே, டைரக்ட், டைரக்டர், கரெக்ட், ரெகுலர், ரெகுலேஷன், ரெக்டிஃபை என்று, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. எல்லாம் லத்தீனில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், நேராக்குவது, நேர்வழியில் நடத்துவது என்று பொருள் என்றாய். அப்படியானால் எல்லாம் ஒரே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளா என்று உன்னைக் கேலி செய்தேன். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் இந்தத் தாளில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் அம்மா. யாருடைய டைரக்‌ஷனும் இல்லாமல், ரெகுலேஷனை மீறி, இறந்தவர் தாமாகவே இப்படி வெட்டினார், இப்போது அது ரெக்டிஃபை செய்யப்பட்டது, இவ்வளவும் கரெக்ட் என்று எழுதி, அடியில் என் கையெழுத்து. உன் பட்டியலை வைத்துக்கொண்டு நான் முழுதாகப் படித்த முதல் இங்கிலீஷ் தாள் இதுதான். மலையில் நேராகப் போனால் ஆள் சாவான் என்று அந்த லத்தீன்காரர்களுக்குத் தெரியவில்லை போலும், சமவெளிக்காரர்கள்.

அவன் பெண்சாதி விக்னேஸ்வரியை, ரெகுலேஷனை மீறியவர் குடும்பம் என்று சொல்லி, வருஷக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் நின்றிருந்தாள். "அண்ணே, அவரு யாரு பேச்சையும் கேக்காமத்தான் வெட்டினாராமே, நெசமா" என்று கேட்டாள். மழை வருது, வீட்டுக்குப் போம்மா என்றேன். அன்றிலிருந்து எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை விசாரணைக்கு வெளியிலிருந்து அதிகாரி வருகிறார். கயிறு பிடித்தது நான், சொன்னது சின்ன துரை, வேண்டாம் என்று தடுத்தது முனியாண்டி ஒருவன்தான், தாளில் இருப்பது பொய் என்று தமிழிலேயே சொல்லப்போகிறேன், விக்னேஸ்வரியையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு. என்மேல் கேஸ் வந்தாலும் வரட்டும். போனில் சொன்னால் வேண்டாம்பா என்பாய், உன் குரலைக் கேட்டால் நானும் சரி என்றுவிடுவேன். அதனால்தான் தபால், இது உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை முடிந்திருக்கும். அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அவள் எழுந்து பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தாள், உன் காலண்டர் தாளைக் கிழியாமல் உரித்து அதில்தான் முதலில் வைத்தாள்.

மாதா உன்னை எப்போதும் காக்கட்டும், இருட்டுமுன் அறைக்கு வந்துவிடு, சம்பளத்தை எங்களுக்காக மிச்சம் பிடிக்காதே. கிறிஸ்மஸுக்கு வரும்போது ஒன்றை மட்டும் மறக்காதே, தாப்பாவிலிருந்து பஸ் ஏறினால் ரிங்லெட் டவுனிலேயே இறங்கிவிடு, எஸ்டேட் வரை வர வேண்டாம். யாசீன் பாய் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை கேட்டு வைத்திருக்கிறேன். அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா
அல்போன்ஸ்