அந்த வளையம் உன்னுடையதுதான்

ஆம்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள பூங்குழலிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். ஐதராபாத்தில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி, பேரணாம்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறாள். பதினோரு நாளாக நீ அவளிடம் மட்டும் பேசுகிறாய், அது நியாயம்தான். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது. உங்கள் கம்பெனி ராக்கெட் கடலில் விழுந்த அன்று மத்தியானம் எங்கள் பத்திரிகையின் வேலூர் ஆபீசிலிருந்து கௌதம் கூப்பிட்டான். உங்க பொண்ணு செஞ்ச பாகம்தான் போச்சா சார், ஒரு வரி குடுங்க என்றான். முதல் கட்டம் எரிந்து கழன்று விழுந்ததும், இரண்டாம் கட்டம் முழுக்க எரிந்த பிறகும் கழலாமல் ஒட்டிக்கொண்டதும், அதனால் மூன்றாம் கட்டம் பற்றவே வழியில்லாமல் செயற்கைக்கோளோடு போய்விட்டதும் அதற்குள் எனக்குத் தெரியும். இரண்டாவதையும் மூன்றாவதையும் பிணைக்கிற வளையம் உன் வேலை என்பதும் தெரியும், குறித்த நொடியில் அது திறந்து காலியான கட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று போன தீபாவளிக்கு நீதான் வரைந்து காட்டினாய். தெரிந்தே, அவ இரண்டாம் கட்டத்துல இருக்கா, அது ஒழுங்காத்தான் எரிஞ்சது, என் பொண்ணுக்கு இதுல சம்பந்தமில்ல, போட்டுக்கோ என்றேன். முப்பத்தொரு வருஷமாக இரண்டாவது ஆளிடம் கேட்காமல் ஒரு செய்தியும் அனுப்பாதவன் நான். அந்த ராக்கெட்டுக்காகத் தெருவுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்தேன், இனி இந்தத் தெருவில் எப்படி நடப்பது என்பது மட்டும்தான் அப்போது என் புத்தியில் இருந்தது.

மறுநாள் டீக்கடையில் தோல் மண்டி முனீர் அகமது பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இன்னா காசி, பொண்ணுக்கு சம்பந்தமே இல்லியாமே, அப்ப நாங்க துன்ன பிரியாணி எந்த ராக்கெட்டுக்கு என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாயங்காலம்தான் அம்மா சொன்னாள், அன்று காலை கம்பெனி மீட்டிங்கில் நீ அத்தனை பேர் முன்னால் எழுந்து வளையத்தின் கணக்கு என்னுடையது என்று சொன்னாயாம், மதியம் யாரோ நம் ஊர் செய்தியை உங்கள் குரூப்பில் போட, ஊருக்கு ஒண்ணு இங்க ஒண்ணா என்று ஒருத்தர் கேட்டாராம். கழல வேண்டியது கழலல, நீங்க கழண்டுக்கிட்டீங்க என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை வேலூர் போய் ஆசிரியர் முன்னால் நின்றேன். வியாழன் மூன்றாம் பக்கத்து அடியில் நாலு வரி திருத்தம் வந்தது. இணைப்பு வளையத்தை வடிவமைத்தவர்களில் பூங்குழலி ஒருவர், தவறான தகவல் தந்தவர் அவருடைய தகப்பனாரும் எங்கள் ஆம்பூர் நிருபருமான காசிநாதன் என்று. பேர் வேணாம் சார் என்று கௌதம் கெஞ்சினான், நான்தான் போடச் சொன்னேன். முனீர் அதையும் படித்துவிட்டு என் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தான். வெட்டி இதனோடு வைத்திருக்கிறேன், உன்னைக் கேட்டவரிடம் காட்டு.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அடுத்ததற்கு நாள் குறித்தால் அம்மாவிடமாவது சொல், அது மேலே போனாலும் விழுந்தாலும் யார் மகள் என்று நானே சொல்வேன். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. தீபாவளிக்கு நீ வரைந்த காகிதம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. வளையத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டு, இது நான் என்று எழுதியிருக்கிறாய். கௌதமிடம் பேசிய அந்த இரண்டு நிமிஷமும் அது என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

உன் அப்பா
காசிநாதன்