பதினாறு மடங்கு விறைப்பான கம்பியும் சனிக்கிழமை மேசையும்

அனுப்புநர்:
மூன்றாம் ஆண்டு மாணவி,
இயந்திரவியல் துறை,
மகளிர் விடுதி, அறை எண் 23.

பெறுநர்:
உயர்திரு முதல்வர் அவர்கள்,
பொறியியல் கல்லூரி.

பொருள்: விடுதி மெஸ்ஸில் சனிக்கிழமைகளில் கூடிப் படிக்க விதிக்கப்பட்ட தடையை நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஒரே ஆய்வகக் குழுவைச் சேர்ந்த நாங்கள் நால்வர், ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமை மதியம் மெஸ்ஸின் கடைசி மேசையில் உட்கார்ந்து அந்த வாரத்து ரெக்கார்டு நோட்டை எழுதி முடிப்பது வழக்கம். முதலில் கணக்கை முடிப்பவர் மற்றவர்களுக்கு வாயால் விளக்க வேண்டும். நோட்டைக் காட்டக் கூடாது. ஐந்து மணிக்கு நோட்டு மூடப்படும். பிறகு வாலிபால், கடைத்தெரு, வீட்டுக்குப் போன். அதற்குமேல் பாடத்தைப் பற்றி வாய் திறப்பவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

2. சென்ற மாதம், இரும்புக் கம்பியை முறுக்கி அதன் விறைப்பை அளக்கும் முறுக்குச் சோதனைக் கணக்கை முதலில் முடித்தவள் நான். நான்காம் அடுக்கில் விட்டம் போட வேண்டிய இடத்தில் ஆரத்தைப் போட்டுவிட்டேன். போட்டதோடு நில்லாமல், கையை ஆட்டி ஆட்டி, அப்படித்தான் போட வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கவும் செய்தேன். "நீ சொன்னா சரியாத்தான்டி இருக்கும்" என்று மூவரும் எழுதினார்கள். விளைவாக, எங்கள் நால்வரின் நோட்டிலும் அந்த இரும்புக் கம்பி இருக்க வேண்டியதைவிடப் பதினாறு மடங்கு விறைப்பாக நின்றது.

3. துறைத்தலைவர் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, "நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மூளையா?" என்று வகுப்பின் முன் கேட்டார். காப்பியடித்ததாக முடிவுசெய்து நோட்டுகளை ரத்து செய்தார். மெஸ்ஸில் கூடிப் படிப்பதற்கும் தடை போட்டார். எங்கள் மேசை மேல் இப்போது வெங்காய மூட்டை இருக்கிறது.

4. நோட்டுகளைத் தாங்களே பார்வையிட வேண்டுகிறேன். ஒருத்தி பின்னத்தில் போட்டிருக்கிறாள். ஒருத்தி கால்குலேட்டர் காட்டிய அத்தனை தசமத்தையும் விடாமல் எழுதியிருக்கிறாள். இன்னொருத்தி பாதியில் தப்பாகப் போட்டு, அடித்து, மறுபடி போட்டிருக்கிறாள். காப்பியடிப்பவர் யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். நான்கு பேரும் சொந்தக் காலில் நடந்துதான் அந்தத் தப்பான விடைக்குப் போய்ச் சேர்ந்தோம். ரெக்கார்டைத் திரும்ப எழுதச் சொன்னது நியாயமே, எழுதிக் கொடுத்துவிட்டோம்.

5. மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாண்டில் நான் அறைக்குள்ளேயே கிடந்து படித்தேன். அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குப் போகவில்லை. அம்மா போன் செய்தால் எடுக்கவில்லை. அப்படிப் படித்தும் இரண்டு பாடத்தில் தேறவில்லை. மேசை வந்தபின் எங்களில் யாருக்கும் ஒரு அரியர் கூட இல்லை. விடுதிகளுக்கிடையிலான வாலிபால் கோப்பையும் எங்கள் விடுதியில்தான் இருக்கிறது. அக்காவின் கல்யாணத்தில் மூன்று நாளும் இருந்தேன். இதைச் சொல்ல எனக்குப் பெருமையாகவே இருக்கிறது, ஐயா. கூச்சப்பட ஒன்றுமில்லை.

6. தடை வந்து மூன்று வாரமாகிறது. எங்களில் சோடாபுட்டி என்று நாங்கள் கூப்பிடும் தோழி, கண்ணாடிக்காரி, இப்போது கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படிக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால், "அப்புறம் வரேன், நீங்க போங்க" என்கிறாள். நானும் முதலாண்டில் இதையேதான் உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

7. இந்த மனுவை நான் எழுதுவது மற்ற மூவருக்கும் தெரியாது. தெரிந்தால் விட மாட்டார்கள். தப்பாகச் சொல்லிக்கொடுத்தவள் நான் ஒருத்திதான். மேசையைத் திருப்பிக் கொடுங்கள். யாராவது ஒருவர் விலகித்தான் ஆக வேண்டுமென்றால் என்னை விலக்கிவிட்டு மூவரையும் உட்கார அனுமதியுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு சனிக்கிழமை எனக்கும் அனுமதி தாருங்கள். ஆரம் போட்டது ஏன் தப்பு என்பதை என் வாயாலேயே அவர்களுக்கு விளக்க வேண்டும். தாங்களும் துறைத்தலைவரும் வந்து உட்கார்ந்து கேட்டால் மகிழ்வேன். இம்முறை சரியாகச் சொல்வேன்.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
அறை எண் 23 மாணவி

இடம்: மகளிர் விடுதி
நாள்: மார்ச் 24