எந்தக் கை மஞ்சள் வைத்தது

பக்கத்து வீட்டில் மஞ்சள் இடிக்கிறார்கள். அந்த வாசனை சுவர் தாண்டி வந்து, வாடிக்கைக்காரர்களுக்குப் பொங்கல் கார்டு எழுத உட்கார்ந்த என் கையை நிறுத்திவிட்டது. ஐந்து வருஷமாக என் கார்டுகளில் மஞ்சள் வைப்பதில்லை. ஏன் என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான், நீயும் போய்விட்டாய்.

சென்னையில் ஒரே கல்லூரியில் படித்து, கோயம்புத்தூரில் ஒரே டைப் மிஷினை வைத்துக்கொண்டு பிழைத்தோம். மில் வைப்பவர்கள் சீமைக் கம்பெனிகளுக்கு எழுதும் கடிதங்கள், கிணற்றுக்கு மின்சாரம் கேட்கும் மனுக்கள், வக்கீல்களுக்கு மொழிபெயர்ப்பு. நமக்கு ஆபீஸ் கிடையாது, வாசலில் பலகை கிடையாது. யாராவது நம்மை நினைத்தால்தான் வேலை. நினைக்க வைப்பது உன் பாடு, அடித்துக் கொடுப்பது என் பாடு.

நீ அதைச் செய்த விதமே தனி. படிப்பு முடிந்த மறுவருஷமே கணவரை இழந்தவள் நீ. வாடிக்கைக்காரர் வீட்டில் சாவு என்றால் முதல் பஸ்ஸில் போய் நிற்பாய். "கல்யாணத்துக்கு என்னைய ஆரு கூப்புடப் போறாங்க, அம்மணி? எழவு ஊட்டுல மட்டும் எனக்கு நல்ல மரியாதைங்க" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. முதுகு விட்டுப்போக நான் அடித்துக்கொண்டிருக்க, நீ காரமடையில் யாரோடோ உட்கார்ந்து அழுதுவிட்டு வருகிறாய் என்ற எரிச்சல்தான் எனக்கு.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய அந்தத் தைக்கு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி நாற்பது கார்டு எழுதினேன். நீ மார்கழி முழுக்கச் சத்தியமங்கலத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாய். "நான் வந்து ஒருக்கா பாத்துப்போட்டுத் தாரேன், அப்பறம் போடு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். துக்க வீடுகளை நீ பட்டியலிலிருந்து நீக்குவது வழக்கம். நான் காத்திருக்கவில்லை. நீ இல்லாமலும் எனக்கு இது தெரியும் என்று காட்ட வேண்டியிருந்தது. நாற்பதையும் தபால் பெட்டியில் போட்டேன்.

சூலூரில் பருத்தி அரவை மில் வைத்திருந்தவர் வீட்டில், மருமகள் பிரசவத்தில் இறந்து இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை. 'இல்லத்தில் மங்களம் பெருகட்டும்' என்று நான் எழுதிய கார்டு அங்கே போய்ச் சேர்ந்தது.

நீ ஊர் திரும்பியதும், சேதி தெரிந்து இருவருமாகப் போனோம். அந்த வீட்டுப் பெரியம்மா வாசலிலேயே கார்டை நீட்டினார்.

"ஏனுங்க, படிச்சவங்கதானே நீங்க? எந்தக் கையி இதுக்கு மஞ்சள் வெச்சுது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்குள் நீ, "என்ற கையிதானுங்க" என்றாய்.

"அதானே பாத்தேன். தாலியறுத்த கையி. உனக்கு எதுக்கடி மஞ்சளு?" என்றவர் என் பக்கம் திரும்பி, "நீ உள்ள வா கண்ணு, வெயில்ல வந்திருக்கறே. மோர் குடி" என்றார்.

நீ வெளியே, வாசலில் நின்ற மாட்டு வண்டி நிழலில் நின்றாய். நான் உள்ளே போய் மோர் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. அதுகூட நினைவிருக்கிறது.

பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உன்ற ஊட்டுக்காரரு படுக்கையில கெடக்கறாரு. உன்ற கையின்னு தெரிஞ்சா ஒரு மனு வருமா? எழவுக்கு மட்டும் வந்தவ நானு. இனி அதுக்கும் வேண்டாம்னுடுவாங்க. போகட்டும் உடு."

அப்படியே ஆயிற்று. விதவை மஞ்சள் வைத்துக் கடிதம் போட்ட கதை ஒவ்வொரு வாடிக்கை வீட்டுக்கும் போனது. உன்னைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். என்னிடம், "அவளைச் சேத்துக்காதீங்க" என்று அக்கறையாகச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். நீ அண்ணன் வீட்டோடு போனாய். இரண்டு வருஷத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். ஊரெல்லாம் கார்டு போட்டுத் தொடர்பு காத்த நான், அந்த இரண்டு வருஷத்தில் உனக்குப் போட்டது இரண்டே கார்டு.

போன வாரம் அந்தப் பெரியம்மா ஒரு மனுவுக்காக என் வீடு தேடி வந்தார். பேச்சுவாக்கில், "உங்ககூட ஒருத்தி இருந்தாளே, எங்கீங்க இப்ப?" என்றார்.

"செத்துப்போயிட்டாங்க."

அவர் மனுக் காகிதத்தை மடியில் வைத்தார். "மருமவ செத்தன்னிக்கு சத்தியமங்கலத்துல இருந்தாளாமா. இல்லீனா மொதல்ல வந்து நின்னிருப்பா. அப்படிப்பட்டவ ஏனுங்க அந்தக் காரியம் செஞ்சா? எனக்கு இன்னமும் வெளங்கலீங்க."

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் இல்லை. உன் பெயரைக் கழுவ ஒரு வாக்கியம் போதும். அவர் வேலையை வேறிடம் கொடுத்தாலும் நான் பட்டினி கிடக்கப் போவதில்லை. என் கணவரும் இப்போது இல்லை. நீ எதற்காகப் பழியைச் சுமந்தாயோ, அந்தக் காரணமே தீர்ந்து போயிற்று.

"மனு எத்தனை பிரதி வேணுங்க?" என்று கேட்டேன்.

மூன்று என்றார். அடித்துக் கொடுத்தேன். ஒரு பிழை இல்லை.