கள்ளன் கிணற்றடி விசாரணை

நவ. 13, வியாழன்

காலையில் வெயில். இரண்டு மணிக்கு மேல் இடி, மழை. குடை கொண்டுவந்தது நல்லதாயிற்று. (அக்கா குடை. பூப்போட்டது.)

நெடுமங்காட்டில் பஸ் மாறி, கல்லாற்றுக்கு முன்னால் இறங்கி, சந்தக்கடவு வந்து சேர்ந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததுமே இடம் போட்டுக் கொடுத்தார். டிரைவரை டிரைவர் வர்க்கத்துக்கு அடையாளம் தெரியும். முட்டு வலியா என்று கேட்டதெல்லாம் சும்மா உபசாரம்.

வந்த காரியம்: அக்கா பிள்ளை வெங்கிட்டுவுக்கு இந்த ஊரில் ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கிறது. பெண் காயத்ரி, கணக்கு டீச்சர். அப்பா மணி, சின்னதாக ஒரு டிபன் ஹோட்டல். ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்கா முடிவு சொல்லவேண்டும். அதற்குள் பெண் வீட்டை (இனி பெ.வீ.) காதும் காதும் வைத்தாற்போல விசாரிக்க வேண்டும். எங்கள் ஊர் ஸ்ரீவராகத்தில் இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. அக்கா கிளம்பும்போது சொன்னது: “கேட்டுண்டு மட்டும் வாடா ராமு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேட்டியா.”

இந்த வழியாகப் பத்து வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டியிருக்கிறேன். பொன்முடிக் கொண்டைஊசி வளைவுகளில் முன்னால் மூன்று யானை துரத்த, ரிவர்ஸில் இறங்கியவன் நான். அன்று சந்தக்கடவு ஊரே இல்லை. ஒரு வளைவு, ஒரு டீ, பத்து நிமிஷம் வண்டி நிற்கும். இப்போது எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை. மிளகுச் சந்தைத் தெரு, பலகை. சுமைதாங்கிக் கல், பலகை. வழிப்போக்கர் தங்கும் அம்பலம், அதற்குப் பெரிய பலகை. எல்லாவற்றையும் புதிதாகப் பழையதாக்கி வைத்திருக்கிறார்கள். சந்தேகம்.

தங்கியிருப்பது லீலா சேச்சி வீட்டு மாடி. தொல்பொருள் இலாகா என்று சொல்லியிருக்கிறேன். உடனே கட்டிலை மாற்றிப் போட்டாள். அதிகப் பணிவு. அதுவும் சந்தேகம்.

விசாரிக்க வேண்டியவை:
பெ.வீ. கடன், கேஸ்.
பெண்ணுக்குப் பழைய காதல்.
வீட்டில் பைத்தியம், காக்காவலிப்பு.
சமையல் ருசி (இதை நானே நேரில்).

நவ. 14, வெள்ளி

மூடாப்பு. தோர்த்துத் துண்டு காயவில்லை.

பெ.வீ. ஹோட்டலில் டிபன். மூன்று நெய் ரோஸ்ட், ஒரு வடை, இரண்டு காப்பி. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. குறையே இல்லாத இடத்தில்தான் ஏதோ இருக்கும். என்னை யாரென்று கேட்டால் நாகர்கோவில் வக்கீல் என்று சொல்வதாக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஆகவே நானாகவே சொன்னேன். மணி என்கிற மணி சாமி ஒல்லி, வெற்றுடம்பு, கண்ணாடி. தலையாட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காப்பி ஆற்றும் கை நின்றுவிட்டது. வக்கீல் என்றதும் பயம்? கேஸ் இருக்கிறது, எழுதிக்கொள்.

பெண்ணைப் பார்த்தேன். நல்ல உயரம். ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் குழாயடிக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். குழாய் இருப்பது தெருக்கோடியில். ஹோட்டல் வாசலுக்கு நேர் எதிரே, பத்தடியில், கல் கட்டிய கிணறு, பக்கத்தில் நீளமாக ஒரு பலகை. (பலகை வாசிப்பது விசாரணை ஆகாது.) தண்ணீர் கண்ணாடியாக நிற்கிறது. யாரும் இறைப்பதில்லை. ஏன்?

பதினொரு மணிக்கு சலூன். எனக்கு வெட்ட அதிகம் இல்லை, ஆனால் விசாரணைக்கு சலூனைப் போல இடம் கிடையாது. தென்காசிக்காரர், பெயர் முருகையா. ரிட்டையர்டு போலீஸ் என்று சொன்னேன். கிணற்றைப் பற்றிக் கேட்டதும் கத்திரியை நிறுத்திவிட்டார்.

“அந்த சாமி வீட்டயா கேக்கிய அண்ணாச்சி? மனுசரு தங்கம்லா. ஆனா அவுக பூட்டன் ஒரு களவாணின்னு கத இருக்கு. அதான் கள்ளன் கெணறு. போர்டே வச்சிருக்கானுவ.”

அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரன் வந்து, ரெண்டு கூட்டமும் பலகையை வாசித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டதாம். முழுக்கதையும் வேண்டுமானால் நாளைக்குக் காலையில் சுகுமாரன் சார் ஊரைச் சுற்றிக் காட்டுவார், அதில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்.

பிடித்துவிட்டேன். ஒரே நாளில். போலீஸில் சேர்ந்திருந்தால் இன்றைக்கு எஸ்.பி.

அக்காவுக்கு போன். திருட்டுக் குடும்பம், வாக்குக் கொடுத்துவிடாதே என்றேன். அவள், வெங்கிட்டு அந்தப் பெண்ணோடு மூன்று தடவை போனில் பேசிவிட்டான், அவனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றாள். நான் கறாராகச் சொல்லிவிட்டேன், ரத்தம் பொய் சொல்லாது என்று.

நவ. 15, சனி

மழை இல்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது. எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

சுகுமாரன் சார் (இனி சு. சார்) ரிட்டையர்டு ஹைஸ்கூல் வாத்தியார். கழுத்தில் சின்ன மைக். நாங்கள் பன்னிரண்டு பேர். சந்தைத் தெரு, சுமைதாங்கி எல்லாம் காட்டி, கடைசியில் கிணற்றடி. மலையாளத்தில் சொன்னார், நல்ல ஓட்டம். அந்தக் காலத்தில் ஒரு தம்புராட்டி, ராஜகுடும்பத்துப் பெண், பல்லக்கில் வந்து இந்த அம்பலத்தில் இறங்கினாளாம். முகம் கழுவ மூக்குத்தியைக் கழற்றிக் கல்மேல் வைத்தாளாம். அம்பலத்தில் வழிப்போக்கருக்கு மோர் கொடுக்க ஒரு பாண்டிநாட்டு சாமியை வைத்திருந்தார்களாம். மோர் கொண்டுவந்த சாமி மூக்குத்தியை மடியில் செருகினாராம்.

எனக்கு இந்த இடத்தில் காது சூடாயிற்று.

ஏழு கல் மூக்குத்தி என்றார். அவர் மேலே சொல்வதற்குள் என் வாய் தானாக முணுமுணுத்தது: ஆறு சிவப்பு, மூன்றாவது மட்டும் பச்சை. அவரும் அதையே சொன்னார். பக்கத்தில் நின்ற அம்மாள், ஏற்கெனவே வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

காவல்காரர்கள் பிடித்து உலுக்க, சாமி மூக்குத்தியைக் கிணற்றில் போட, அந்த நிமிஷமே அவருக்குப் பேச்சு நின்றுபோக, அதிலிருந்து இந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கும் பேச்சு போய்விடும். எல்லாம் வரிக்கு வரி. சொல்லும்போது குரலை இறக்க வேண்டிய இடம்கூட அதே இடம்.

நான் கட்டினது.

வேனில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை வைத்திருந்தேன்; எங்கே எதைச் சொன்னேன் என்பது எனக்கே மறந்துபோயிற்று. சாயிப்புகள், அதாவது வெள்ளைக்காரர்கள், கேட்பார்கள், சிரிப்பார்கள், இறங்கிப் போவார்கள். மூக்குத்தி அக்காவுடையது. கதைக்கு ஒரு கள்ளன் வேண்டியிருந்தது. எதிர் ஹோட்டலில் மாலை போட்ட ஒரு பெரியவர் படம் தெரிந்தது, அவரைக் கள்ளனாக்கினேன். அவ்வளவுதான்.

ஆதாரம் என்ன என்று கேட்டேன். சு. சார் பைலிலிருந்து ஒரு ஜெராக்ஸ் எடுத்தார். யாரோ ஒரு சாயிப்பு எழுதின இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு பக்கம். இங்கிலீஷ் எனக்கு ஓடாது. ஆனால் படம் இருந்தது. கிணறு, பின்னால் வெள்ளை வேன், வேன் ஜன்னலில் ஒரு முழங்கை. மணிக்கட்டில் செம்புக் காப்பு. காப்பு இப்போதும் கையில் இருக்கிறது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன்.

மத்தியானம் மாடிக்கு வந்தேன். யாருக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன்.
1. எனக்கு.
2. அந்த சாயிப்புக்கு, உயிரோடு இருந்தால்.
அவ்வளவுதான். அக்காவிடம் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. நாலு மணி பஸ் பிடித்தால் முடிந்தது. பையைக் கட்டினேன்.

கடைசியாக ஒரு காப்பி குடிக்கலாம் என்று போனது தப்பு. கூட்டம் இல்லை. மணி டபராவை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“வக்கீல்னேள். நீங்க வெள்ளை வேன்னா ஓட்டிண்டிருந்தேள். முதல் நாளே தெரிஞ்சுது. முடி போயிடுத்து, குரல் போகலை.”

நான் டபராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கம்மா ஒரு நாள் உங்க வண்டிகிட்டக்க வந்து கேட்டா, எங்காத்துப் பெரியவரைப் பத்தி ஏன் இப்படிச் சொல்றேள்னு. சும்மா கதை மாமி, சாயிப்புக்குன்னு சிரிச்சேள். அம்மா அன்னிலேர்ந்து அந்தக் கிணத்துல தண்ணி இறைக்கலை. போற வரைக்கும். இப்போ புதுசா என்ன கதை கொண்டுவந்திருக்கேள்?”

கோபமே இல்லாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு சத்தம் போட்டிருப்பேன். மாமி முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

ஆக, 3. மணிக்கும் தெரியும்.

நாலு மணி பஸ் போகிற சத்தம் மாடியில் உட்கார்ந்து கேட்டேன்.

நவ. 16, ஞாயிறு

பனி. மலை தெரியவில்லை. சவரம் செய்துகொண்டேன். நல்ல வேஷ்டி.

சு. சாரின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருபது பேருக்கு மேல். லீலா சேச்சி, முருகையா எல்லாரும் வேடிக்கைக்கு. மணி ஹோட்டல் படியில். காயத்ரி உள்ளே பாத்திரம் தேய்க்கிறாள். தம்புராட்டி பல்லக்கிலிருந்து இறங்கினதும் நான் நிறுத்தினேன். இது நான் கட்டின கதை, வேன் டிரைவர் நான்தான், பூராவும் பொய் என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன எதையும் ஜனங்கள் நம்பாமல் இருந்ததில்லை. இதை ஒருத்தரும் நம்பவில்லை.

சு. சார் சிரித்தார். சாருக்கு நல்ல தமாஷ் என்றார். லீலா சேச்சி, இவர் தொல்பொருள் இலாகா ஆயிற்றே என்றாள். முருகையா, “எங்கிட்ட போலீசுன்னாக” என்றார். காப்பைக் காட்டினேன். கேரளத்தில் பாதிப் பேர் கையில் செம்புக் காப்பு இருக்கிறது என்று சு. சார் மைக்கில் சொன்னார். எல்லாரும் சிரிப்பு. மணி மட்டும் சிரிக்கவில்லை. உதவிக்கும் வரவில்லை.

கயிறும் வாளியும் வேண்டும் என்றேன். யாரும் அசையவில்லை. ஹோட்டலுக்குள்ளிருந்து காயத்ரி வந்தாள். மேலே அட்டத்துப் பரணிலிருந்து எடுத்த பழைய வாளி, தேங்காய்நார்க் கயிறு. என் காலடியில் வைத்தாள்.

இறைத்தேன். கை எரிந்தது. வாளியைத் தூக்கி அப்படியே குடித்தேன். நல்ல தண்ணீர், பல் கூசுகிற குளிர்ச்சி. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். ஒரு நிமிஷம் எனக்கே பயம். நான் சொன்ன கதை, எனக்குத் தெரியும், ஆனாலும் நாக்கை உள்ளே ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அக்காவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சு. சார் மைக் பக்கத்தில் பிடித்தேன்.

“அக்கா, உன் மூக்குத்தில எத்தனை கல்லு?”

“ஏழு. ஏன்?”

“எல்லாம் ஒரே நிறமா?”

“மூணாவது பச்சை. சேப்பு கொட்டிப் போயி, தட்டான் கைல அதுதான் இருந்ததுன்னு வச்சான். உனக்குத் தெரியாதாடா? எதுக்குக் கேக்கறே, அதையும் எங்கேயாவது கதை பண்ணிட்டியா?”

சிரிப்பு நின்றது. சு. சார் மைக்கை அணைத்தார். ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அந்த மனுஷன் முகம் பாவமாகிவிட்டது. எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அக்கா போனை வைக்கவில்லை. “பெண் வீட்டு விஷயம் என்னடா ஆச்சு? திருட்டுக் குடும்பம்னியே?” ஊர் முழுக்கக் கேட்டது. மணி படியிலிருந்து எழுந்துவிட்டார்.

“நல்ல குடும்பம் அக்கா. கள்ளன் நம்மாத்துலதான். நான்தான்.”

அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது, நான் மாப்பிள்ளையின் மாமா என்று. காயத்ரி என் கையிலிருந்து வாளியை வாங்கி, இரண்டு வாளி இறைத்து, குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகிற போக்கில் நின்று, அக்காவுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“நாங்க இன்னும் சம்மதம் சொல்லலை மாமா. நீங்க நாலு நாள் விசாரிச்சாச்சு. இனி நாங்களும் உங்காத்தைப் பத்தி விசாரிக்கணும் இல்லையா?”

அக்கா, நியாயம்தான் என்றாள்.

சாயங்காலம் சு. சாரும் முருகையாவும் ஸ்க்ரூடிரைவரோடு கிணற்றுப் பலகையடியில். மூன்றாவது திருகாணி துரு, வரவில்லை. நான் கழற்றிக் கொடுத்தேன். வண்டி வேலை தெரிந்த கை.

நவ. 19, புதன்

வீடு. மழை இல்லை. முட்டு வலி. அக்கா என்னோடு பேசுகிறாள், ஆனால் சுருக்கமாக. வெங்கிட்டு பேசவில்லை. நேற்று தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

காலை எட்டரை. எதிர்ச்சாரியில், பால் பூத் முன்னால் ஒருவர். ஒல்லி, கண்ணாடி, இன்றைக்குச் சட்டை போட்டிருக்கிறார். கையில் மடக்கின குடை. மணிதான். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவேயில்லை. விசாரிக்கிறவன் அப்படித்தான் நிற்பான், எனக்குத் தெரியாதா.

ஜன்னல் கதவை ஒரு விரல்கடை திறந்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன். பால்காரர் பாலகிருஷ்ணன் ஏதோ நீளமாகச் சொல்கிறார். கையை இவ்வளவு அகலத்துக்கு விரிக்கிறார். யானைக் கதையோ. அவரிடம் எத்தனை யானை என்று சொன்னேன்? மூன்றா, ஐந்தா. மணி தலையை ஆட்டுகிறார். பையிலிருந்து ஒரு சின்ன நோட்டு எடுத்து எழுதிக்கொள்கிறார்.

இப்போது ரெண்டு பேரும் நம் வாசலைப் பார்க்கிறார்கள். அக்கா கோலப்பொடி டப்பாவோடு வெளியே போகிறாள், மூக்குத்தி போட்டுக்கொண்டு. மணி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடக்கிறார்.