கீழ்வீட்டுப் புகை

மார்ச் 3, ஞாயிறு

மியென் அக்கா கீழ்வீட்டுப் பால்கனியில் இன்றும் கரி அடுப்பை மூட்டிவிட்டாள். ஞாயிறு மதியம் வந்தால் ‘பூன் சா’ என்கிற நூடுல்ஸ் சாப்பாட்டுக்குப் பன்றிக்கறி சுட்டே ஆகவேண்டும் அவளுக்கு. ஹனோயில் இது தூறல் மாதம். என் வீட்டுக்காரர் பாங்கின் நாலு நாளாகக் காயாத சட்டைகள் அத்தனையிலும் கறிவாடை. எல்லாவற்றையும் திரும்பத் துவைத்தேன்.

பாங் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். சீக்கு உடம்புக்குப் புகை ஆகுமா? சாத்திவிட்டேன். கஞ்சி இரண்டு வாய்தான் இறங்கியது.

மார்ச் 6

"எடை இன்னும் குறைஞ்சா அடுத்த கீமோ குடுக்க முடியாதும்மா," என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து கெஞ்சினேன், திட்டினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 7

குடியிருப்புக் கூட்டத்தில் புகார் சொன்னேன். இனி பால்கனியில் கரி அடுப்பு கூடாது என்று முடிவாயிற்று. "என் சோத்துல மண்ணைப் போட்டுட்ட லுவா, நல்லா இரு," என்றாள் மியென் அக்கா. ஜெயித்தது நான்தான். எனக்குச் சந்தோஷம்தான்.

மார்ச் 10, ஞாயிறு

துணியில் வாடையே இல்லை. மதியம் பார்த்தால் பாங் எழுந்து வந்து பால்கனிக் கதவருகே உட்கார்ந்திருக்கிறார்.

"குளிருதுங்க, உள்ள வாங்க."

"இன்னிக்கு அவ அடுப்பு மூட்டலையா? அந்த வாசனை வந்தாத்தான் எனக்குப் பசிக்கிற மாதிரி இருக்கு. அந்த நேரம் பாத்து நீ கஞ்சிய நீட்டுவ."

ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்! வாரா வாரம் எதுக்காகக் கதவைத் திறக்கச் சொன்னாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

மார்ச் 12

நானே செய்தேன். கொழுப்போடு கறி, நசுக்கிய சின்ன வெங்காயம், மீன் சாஸ், கருக்கிய சர்க்கரைப் பாகு. தொட்டுக்கொள்ளும் சாற்றுக்குப் பப்பாளிக்காய்கூட ஊறவைத்தேன். எல்லாம் சரியாக வந்தது. மின்சார ஓவனில் வைத்து எடுத்தேன். பாங் ஒரு துண்டைக் கடித்து மென்றார்.

"இது வெந்த கறி, லுவா. சுட்ட கறி இல்ல."

தட்டை நங்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மார்ச் 13

மியென் அக்கா வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். எந்த முகத்தோடு கேட்பது?

மார்ச் 17, ஞாயிறு

குடியிருப்புத் தலைவரிடம் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தடையை எடுத்துவிடுவதாகச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். அங்கிருந்து நேராகக் கீழ்வீடு.

"என்னடி, அணைஞ்ச அடுப்புமா நாறுது? அதுக்கும் கூட்டம் போடணுமா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அடிப்பாவி! அன்னிக்கே சொல்லியிருந்தா உன் வீட்டுலயே வந்து மூட்டியிருப்பேனே!"

கரி அடுப்பை அவளே தூக்கிக்கொண்டு எங்கள் பால்கனிக்கு ஏறி வந்தாள். விசிறியை என் கையில் திணித்தாள். "விசிறு. கொழுப்பு கரியில சொட்டணும், புகை கிளம்பணும். கை நின்னா கறி தீஞ்சுடும்."

கம்பி வலையிலிருந்து சுடச்சுடச் சாற்றில் போட்டோம். பாங் அரிசி நூடுல்ஸும் தழைகளும் சேர்த்துச் சாப்பிட்டார். கிண்ணம் காலியானது. பிறகு — அதை என்னிடம் நீட்டினார். இன்னும் வேண்டுமாம்! அழுதுவிட்டேன். கண்ணில் புகை பட்டது என்று பொய் சொல்லவில்லை.

"என் துணியெல்லாம் நாறுது!" என்று மேல்வீட்டிலிருந்து ஒரு கத்தல்.

"லுவா, உன்ன மாதிரியே ஒரு ஆளு. நீயே பதில் சொல்லு," என்றாள் அக்கா.

ஒரு கிண்ணம் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 27

எடை ஏறியிருக்கிறது. கீமோ ஆயிற்று. நர்ஸ் அவர் சட்டையை மோந்து பார்த்து, "என்ன சென்ட்டு இது?" என்றாளாம். "கீழ்வீட்டுச் சென்ட்டு," என்றாராம் இவர். மியென் அக்கா, நீ நல்லா இருக்கணும்.

மார்ச் 31, ஞாயிறு

காலையில் அவர் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். இப்போது கீழே விசிறிச் சத்தம் கேட்கிறது. துணியை உள்ளே எடுக்கவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது.