கால்வாசியில் நின்ற ஆள்

அண்ணை,

இன்று திங்கட்கிழமை. குசினியில் தேத்தண்ணிக்குச் சீனி போடும்போதே போன் கிணுங்கியது. எங்கள் கரம்பொன் ஊருக்காக நான் நடத்தும் இணையத்தளத்தில் போன கிழமை எந்த வீடியோவை எத்தனை பேர் எவ்வளவு தூரம் பார்த்தார்கள் என்ற அறிக்கை. நீங்கள் போய் மூன்று மாதமாகியும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது.

அதைக் கேட்டு வாங்கியவர் நீங்கள்தான். இரண்டு பேரின் காணிக்கும் இடையிலான வேலித் தகராறில் பன்னிரண்டு வருடமாகக் கதைக்காத உங்கள் தம்பி, ஊரில் நீங்கள் எடுத்துப் போடும் வீடியோக்களை நோர்வேயில் இருந்து பார்க்கிறாரா என்று அறிய வேண்டும். நீங்களே போன் எடுத்துக் கேளுங்கோ என்றேன். "அவன் இளையவன், அவன்தான் எடுக்கவேணும். நீர் உந்தக் கணக்கைப் பூட்டும்" என்றீர்கள்.

பார்வைகளை எண்ணும் கணக்கைத் தளத்தில் பூட்டினேன். எங்கள் பக்கத்தில் வீடியோவை ஓடவிட்டால் ஒரு பதிவு. கால்வாசி, அரைவாசி, முடிவு என்று தாண்டத் தாண்ட இன்னொன்று. எந்த நாடு என்றும் காட்டும். முதல் கிழமையே நாற்பத்தொரு பார்வை. வாயெல்லாம் பல்லாக நின்றீர்கள். தோண்டிப் பார்த்தால் நாற்பது உங்கள் போன். அதைக் கணக்கிலிருந்து நீக்கியதற்கு இரண்டு நாள் எனக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மிஞ்சிய ஒன்று நோர்வே.

அந்த ஆள் எந்த வீடியோவையும் கால்வாசிக்கு மேல் பார்ப்பதில்லை. சோற்றையும் பாதியில் வைத்துவிட்டு எழும்புகிறவன், அவனேதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். நல்ல காட்சிகளை எல்லாம் முன்னுக்கு இழுத்தீர்கள். தேர்த் திருவிழா வீடியோவில் தேர் இருப்பிடத்துக்கு வந்த பிறகுதான் சனம் வடம் பிடித்தது. கனடாவில் இருந்து ஊர்ச்சனம் எனக்குப் போன் எடுத்து, ஊரில் என்ன நடக்குது என்று கேட்டார்கள்.

கடைசி வீடியோவில் மட்டும் முக்கியமானதை முடிவில் வைத்தீர்கள். பழைய வேலிக் கதியால்களைப் பிடுங்கி, உங்கள் காணிக்குள் தள்ளி நட்டு, புதிதாகத் தென்னோலைக் கிடுகு அடைத்த வேலி. முழுக்கப் பார்க்கிறவனுக்குத்தான் அது தெரியவேண்டும் என்றீர்கள். நோர்வே ஆள் வழக்கம்போலக் கால்வாசியில் போய்விட்டார். ஒவ்வொரு திங்களும் "முடியுமட்டும் பாத்தவனோ?" என்று கேட்பீர்கள். இல்லை என்பேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தும் கேட்டீர்கள். அன்றைக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத் தம்பி வந்தார். எங்கள் இணையத்தளப் பக்கமே அவர் வந்ததில்லையாம். நாங்கள் வீடியோக்களை ஏற்றிவைக்கும் வீடியோத் தளத்திலிருந்து மகள் நேரே டிவியில் போட்டுவிடுவாளாம். அது எங்கள் கணக்கில் விழாது. கால்வாசியில் போன ஆள் யாரோ எவரோ.

"வேலியை ரெண்டு தரம் பாத்தனான். அண்ணை நான் கேட்டதிலும் ஒண்டரை அடி கூடத் தள்ளி நட்டிருக்கிறார்" என்றார்.

அப்படியென்றால் ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அவர்தானே மூத்தவர். அவர் எடுக்கட்டும் எண்டு இருந்தனான்."

இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தி வைத்துப் பேசவேண்டும் போல் ஆத்திரம் வந்தது. ஒருவர்தான் இருந்தார்.

அண்ணை, அவர் முழுக்கப் பார்த்தார். உங்களுக்குச் சொல்லத்தான் வழியில்லை.

சுருவிலில் இருக்கும் என் அக்காவோடு எனக்குக் கதையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று நானே போன் எடுத்தேன். அக்கா இணைப்பை வெட்டிவிட்டா. இன்றைக்கும் எடுப்பேன்.