மூன்றாம் பக்கத்துப் பட்டன்

மார்ச் 3

அன்புள்ள கணக்குப்புலிக்கு,

நானும் மகளும் நலம். போனில் உன் குரல் கேட்டால் நம் வாலு போனைத் திருப்பித் திருப்பி உன்னைத் தேடுகிறாள், அன்றைக்கு முழுக்க ஒரே அழுகை. கடிதத்துக்கு மாறியது நல்லதுதான். போனில் ஐந்தாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது.

கடையில் மிஞ்சிய துணியில் அவளுக்கு ஒரு புத்தகம் தைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கோட்டுப் பட்டன் ஒன்று, இரண்டாம் பக்கத்தில் இரண்டு, இப்படி ஐந்து வரை. விழுங்கிவிடுவாளோ என்று பதறாதே. ஒவ்வொன்றுக்கும் எட்டுத் தடவை நூல் ஓட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஆனால் "ஒண்ணு, ரெண்டு, நாலு" என்கிறாள். மூணு மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது. நாளெல்லாம் ரத்த அணுக்களை எண்ணுகிறவள் நீ, ஒரு வழி சொல்.

உன்
தையல்காரன்

மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

பாட்டு மாதிரி ஒப்பிக்க விடாதீர்கள். ஒரு பட்டனைத் தொட்ட பிறகே ஒரு எண் சொல்லட்டும். எட்டு இழை என்றாலும் அவள் பல் நம் வீட்டுப் பல், பக்கத்திலேயே இருங்கள்.

இங்கே லேபில் மேலும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். ஏப்ரல் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவுகிறேன். நேற்று ஒரே சாம்பிளை மூன்று முறை எண்ணி மூன்று விடை எழுதினேன்.

என்ன செய்யட்டும்? "உன் இஷ்டம்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆறு வருடத்தில் நீங்கள் அப்படிச் சொன்ன ஒன்றுகூட உங்களுக்குப் பிடித்ததாக இருந்ததில்லை.

உங்கள்
கணக்குப்புலி

மார்ச் 20

அன்புள்ளவளுக்கு,

பள்ளிச் சீருடை ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறவர் வேறு வரவில்லை. வாலுவுக்குக் கொஞ்சம் சளி, பயப்பட ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை உறையில் போடுவேன் என்று அடம் பிடிக்கிறாள், சரி என்று விட்டுவிட்டேன். ஒட்டுவதும் அவள்தானாம்.

கையெழுத்து விஷயம், உன் இஷ்டம்.

தையல்காரன்

மார்ச் 28

அன்புள்ள உங்களுக்கு,

எழுதாதீர்கள் என்றதையே எழுதியிருக்கிறீர்கள். படித்த கோபத்தில் பேனாவை எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

உறையைக் குப்பையில் போடப் போனபோது உள்ளே ஏதோ உருண்டது. ஒரு நீலப் பட்டன். என் பழைய சட்டையினுடையது. அதை ஏன் அனுப்பினீர்கள்? இரண்டு நாளாக வேலை செய்யும் கோட்டின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறேன். சொல்ல வந்ததை வாயைத் திறந்து சொல்லித் தொலையுங்கள்.

நான்

ஏப்ரல் 5

அன்புள்ளவளுக்கு,

நான் அனுப்பவில்லை. ஒரு வாரமாக அந்தப் பட்டனைத்தான் மெஷினுக்கு அடியில் எல்லாம் தேடினேன். விழுங்கிவிட்டாளோ என்று டாக்டரிடம்கூடத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உன் கடிதம் வந்த பிறகே உயிர் வந்தது. என் எட்டு இழையையும் பல்லால் கடித்தே அறுத்திருக்கிறாள்.

முதல் தப்பு என்னுடையது. உன்னிடம் மறைத்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு, "பெருசு அப்பா, சின்னது நீ, நீலம் அம்மா. நம்ம வீட்டுல மூணு பேரு" என்று சொல்லிவிட்டேன். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். "ரெண்டு பேருதான்" என்றாள். அன்றிலிருந்துதான் மூணு சொல்வதில்லை.

பட்டன் எங்கே என்று கேட்டால், "அம்மாவ அம்மாகிட்டயே அனுப்பிட்டேன்" என்கிறாள்.

உன் முன்னேற்றத்துக்கு நான் குறுக்கே நின்றேன் என்று நாளைக்கு நீ நினைத்துவிடக் கூடாதே என்றுதான் "உன் இஷ்டம்" என்று எழுதினேன். பொய். எனக்கு நீ வேண்டும். வந்துவிடு.

உன்
தையல்காரன்

ஏப்ரல் 13

அன்புள்ள தையல்காரருக்கு,

கையெழுத்துப் போட்ட படிவத்தை மேலதிகாரியின் மேஜையிலேயே கிழித்தேன். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்களேன்" என்றார். ஒரு மாதமாக அதைத்தான் செய்கிறேன் என்றேன்.

முப்பதாம் தேதி புறப்படுகிறேன். மூன்றாம் பக்கத்தில் தொங்கும் நூலை வெட்டிவிடாதீர்கள், வேறு பட்டனும் வைக்காதீர்கள். நீலத்தை நான் கொண்டு வருகிறேன். அவளிடம் இப்போதே ஒன்றும் சொல்ல வேண்டாம். வாசலில் என்னைப் பார்த்து அவளே எண்ணட்டும்.

ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். இது நீங்கள் கூப்பிட்டதற்காக மட்டும் இல்லை, என் இஷ்டமும்தான்.

இப்படிக்கு,
மூணாவது ஆள்